ஒரு பனி அடுக்கின் ஆயுள்

நவம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவு. மணாலிக்கு மேலே துந்தி என்னும் இடத்தில் அந்தப் பருவத்தின் முதல் பெரும்பனி விழுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,050 மீட்டர் உயரம். பியாஸ் ஆற்றின் தலைப்பள்ளத்தாக்கு அது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையின் தெற்கு வாயும் அந்தப் பக்கம்தான். விடியும்போது புல் சரிவுகளின் மேல் 40 சென்டிமீட்டர் பனி நிற்கிறது. எந்த ஆண்டு என்று கேட்க வேண்டாம். நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்த சம்பவம் அல்ல. பீர் பஞ்சால் மலைகளில் ஏதாவது ஒரு சரிவில் திரும்பத் திரும்ப நடந்தேறும் வாழ்க்கை இது. அந்த 40 சென்டிமீட்டரை மட்டும் கண்ணை எடுக்காமல் பின்தொடர்ந்து போவோம்.

அதன் பிறப்பு மலையில் அல்ல, கடலில். குளிர்காலத்தில் வடமேற்கு இமயமலைக்கு ஈரம் கொண்டுவருவது நாமறிந்த பருவக்காற்று இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வுகள் அவை. மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறையினர் சொல்வார்கள். வழியில் காஸ்பியன் கடலிலும் அரபிக்கடலிலும் கிடைத்த ஈரத்தை வாங்கிக்கொண்டு வந்து, மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, ஆறு கை விரித்த படிகங்களாக இறங்குகின்றன. அதே நாட்களில் இங்கே தருமபுரிக்கு மேற்கே, பென்னாகரம் சாலையில் உள்ள இண்டூரில், கேழ்வரகு அறுவடை நடந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையின் மிச்ச மேகங்கள் ஒன்றிரண்டு வந்து களத்துக்காரர்களைப் பயமுறுத்திவிட்டுப் போகும்.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பங்கு காற்றுதான். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. அதே அளவு புதுப்பனி 50 கிலோவோ 100 கிலோவோ இருக்கும். கையில் அள்ளினால் கனமே தெரியாது. இப்படிப்பட்ட ஒன்று மூன்று மாதம் கழித்து தேவதாரு மரத்தை அடியோடு முறிக்கும் என்று அப்போது யாரும் நம்ப மாட்டார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் அடுக்கு விழுந்திருப்பது கிழக்கு பார்த்த சரிவில். சாய்வு 36 டிகிரி. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 30 டிகிரிக்குக் குறைந்த சரிவில் பனி பெரும்பாலும் நின்றுவிடும். 45-க்கு மேல் செங்குத்தான இடத்தில் விழ விழ உதிர்ந்துகொண்டே இருக்கும், பெரிதாகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பொல்லாதது. பனி சேர்வதற்கும் இடம் கொடுக்கும், சேர்ந்ததை ஒரே மூச்சில் இறக்கிவிடவும் செய்யும். பனிமலையில் நடப்பவர்கள் கையளவு சாய்வுமானி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். கண் மதிப்பை நம்பினால் ஐந்து டிகிரி பிசகுவது சாதாரணம். அந்த ஐந்து டிகிரியில் உயிர் இருக்கிறது.

டிசம்பரில் வானம் தெளிந்துவிடுகிறது. மூன்று வாரம் புதுப்பனி இல்லை. சுற்றுலா வந்தவர்கள் பனி போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு படம் எடுத்துத் திரும்புகிறார்கள். இந்த அமைதியான நாட்களில்தான் நம் அடுக்கு உள்ளுக்குள் கெட்டுப்போகிறது. பனிக்கு அடியில் இருக்கும் மண் கோடையின் வெப்பத்தைக் கொஞ்சம் தக்கவைத்திருக்கும்; அங்கே வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் தன் வெப்பத்தை எல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு மைனஸ் 15-க்குப் போகும். நாற்பது சென்டிமீட்டருக்குள் பதினைந்து டிகிரி வித்தியாசம். ஒரு மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனியின் உருவம் மாறத் தொடங்கிவிடும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இங்கே அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அடியிலிருந்து நீராவி மேலே ஏறுகிறது. கீழ்ப்படிகம் தேய்கிறது, மேல்படிகத்தின் அடிப்பக்கம் வளர்கிறது. ஆறு கை விரித்த நட்சத்திரம் மறைந்து, மூலைகள் கூரான, கிண்ணம் கவிழ்த்த வடிவில், ஒன்றையொன்று பற்றாத மணிகள் உருவாகின்றன. இதை டெப்த் ஹோர் என்பார்கள். கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்து ஓடும். உருண்டை பிடிக்க முடியாது.

கேழ்வரகு கொட்டிக் காயவைத்த சிமெண்டுக் களத்தில் பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தவர்களுக்கு, இந்த அடுக்கு எதற்கு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. களம் சற்றே சாய்ந்திருந்தால் போதும்.

ஜனவரியில் அந்தப் பலகை வந்து சேர்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக மேற்கத்திய இடையூறுகள். பனி விழுந்துகொண்டே இருக்கிறது. மலைமுகட்டைத் தாண்டி வீசும் காற்று அங்கிருக்கும் பனியையும் வாரிக்கொண்டு வந்து நம் சரிவில் கொட்டுகிறது. காற்று அடித்துச் சேர்த்த பனியின் படிகங்கள் உடைந்து பொடியாகி இறுகிவிடும். இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரே பாளமாக நிற்கிறது. ஒரு கன மீட்டர் 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், நம் அடுக்கின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 500 கிலோவைச் சுமக்கிறது. அதன் தடிமன் பாதியாக நசுங்கிவிட்டது. இதே வாரங்களில் சுற்றியுள்ள சில சரிவுகள் தாங்காமல் இறங்கிவிடுகின்றன. நம் சரிவு நிற்கிறது. தாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். உண்மையில் தள்ளிப்போட்டது.

இந்த அடுக்கைக் கவனிக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். 1969-இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் வந்தது. சுருக்கமாக சாசே என்பார்கள். 2020-இல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது; தலைமையகம் சண்டிகரில். துந்தி, சோலங், பாஹங், ரோத்தாங் கணவாய்க்கு அப்பால் பட்சியோ என்று அவர்களுடைய கண்காணிப்பு நிலையங்கள் பல. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் நாள் தவறாமல் அளவெடுப்பார்கள். காற்றின் வெப்பநிலை, பனி மேற்பரப்பின் வெப்பநிலை, இரவில் விழுந்த புதுப்பனி, நட்டுவைத்த கம்பத்தில் மொத்த உயரம், காற்றின் வேகம், மேகம் எவ்வளவு என்று எல்லாம் ஏட்டில் ஏறும். இன்று தானியங்கிக் கருவிகளும் நிறைய. இருந்தாலும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் குழி வெட்டிப் பார்க்கும் வேலையைக் கருவிகள் ஏற்றுக்கொள்ளவில்லை.

பனிக்குழி வெட்டுவது பொறுமையான வேலை. தரை தெரியும் வரை வெட்டி, நிழல் விழும் பக்கத்துச் சுவரைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். பிறகு மேலிருந்து கீழாகக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். மூடிய முஷ்டி உள்ளே போகிறதா, நான்கு விரல் போகிறதா, ஒரு விரல், பென்சில், கத்தி? ஐந்து நிலை. மேலே ஒரு விரலும் பென்சிலுமாக இறுகியிருந்த சுவர், அடிக்கு வந்ததும் முஷ்டியை அப்படியே உள்ளே விடும். அதுதான் நம் அடுக்கு. அடுத்து 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணைத் தனியாக அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கில் தூண் வெடிக்கிறது, வெடித்தபின் நழுவி முன்னே வருகிறதா என்று குறித்துக்கொள்வார்கள். பாளம் தடித்துப்போனால் இந்தத் தட்டுகள் ஆழத்திலிருக்கும் அடுக்குக்குச் சரியாக எட்டாது. சோதனையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் சரிவு பத்திரம் என்று சொல்ல முடியாது. அனுபவசாலிகள் குழியில் கண்ட கெட்ட செய்தியை நம்புவார்கள், நல்ல செய்தியைச் சந்தேகிப்பார்கள்.

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இமாசலத்தில் குளிர்காலங்களைக் கழித்தவர். பனிப்புயல் பற்றிக் கேட்டேன். “புயலு கெட்டதுதான் தம்பி. ஆனா புயல்ல எவனும் வெளிய போகமாட்டான், கூடாரத்துல முடங்கிக்குவான். அது விட்டு, வானம் தெளிஞ்சு, வெயிலு சுள்ளுன்னு அடிக்கும் பாரு, அன்னிக்கித்தான் ஆளு ஆசப்பட்டு நடப்பான். பதினோரு மணிக்கு மேல எங்கள நகர விடமாட்டாங்க” என்றார். வெயிலைக் கண்டு பதுங்குவது இண்டூர்க்காரருக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பதுங்க வைக்கும் வெயில் ஐந்து டிகிரி, ஏழு டிகிரி.

பிப்ரவரியில் நம் அடுக்கு கொஞ்சம் தேறுகிறது. மேலே தடித்த பனி போர்த்தியிருப்பதால் அடிக்கும் மேலுக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்து, மணிகளின் கூர்மை மழுங்கி, ஒன்றோடொன்று மெல்லிய கழுத்துகளால் ஒட்டத் தொடங்குகின்றன. குழி வெட்டியவர்கள் முஷ்டிக்குப் பதில் நான்கு விரல் என்று எழுதியிருப்பார்கள். குளிர் நீடித்தால் இது மெல்ல வலுப்பெற்றுப் பழைய கதையாகிவிடவும் கூடும். பல குளிர்காலங்களில் அப்படியே ஆகிறது. பனிச்சரிவு எப்போதும் வந்தே தீரும் என்ற விதி கிடையாது.

மார்ச் முதல் வாரம். இண்டூரில் பகல் வெப்பம் 35 டிகிரியை நெருங்க, புளி உலுக்குகிறார்கள். துந்தியில் சூரியன் டிசம்பரைவிட வெகு உயரம் ஏறிவிட்டது. கிழக்குச் சரிவில் காலை முதல் நேராகவே விழுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் சூடேறாது. பழசாகி ஈரமேறிய பனி பாதியை விழுங்கிக்கொள்ளும். ஒரு தடவை நனைந்த பனி அடுத்த நாள் இன்னும் வேகமாக நனையும். வெயில் தன் வேலையைத் தானே விரைவுபடுத்திக்கொள்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். பனி 0 டிகிரியைத் தொடும்வரை வெப்பமானி உதவும்: மைனஸ் 8, மைனஸ் 5, மைனஸ் 2 என்று நமக்குக் காட்டிக்கொண்டே வரும். 0-வைத் தொட்டபின் அது நின்றுவிடும். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அத்தனையும் உள்ளே இறங்கும்வரை வெப்பநிலை இம்மியும் ஏறாது. பனிக்குள் நூற்றில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலும் 0 டிகிரிதான், பத்துப் பங்கு இருந்தாலும் 0 டிகிரிதான். முதலாவது நிற்கும், இரண்டாவது நிற்காது. ஆபத்து வேகமாக வளரும் அந்தக் கட்டத்தில் வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது கைதான் கருவி. ஒரு பிடி பனியை அள்ளி அழுத்துவார்கள். உருண்டை பிடிக்க வரவில்லையென்றால் உலர்ந்தது. பிடிபட்டால் ஈரம் தட்டியது. உருப்பெருக்கியில் மணிகளுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தால் நனைந்தது. பிழிந்தால் சொட்டினால் மிக நனைந்தது. உலகம் முழுவதும் பனி ஆய்வாளர்கள் இந்தப் படிநிலைகளைத்தான் எழுதிவைக்கிறார்கள். கருவிகள் பெருகிய இந்தக் காலத்திலும் ஒரு பிடி பனியைப் பிழிந்து பார்ப்பது ஆய்வுமுறையாக நீடிப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

அடுத்து, இரவைப் பார்க்க வேண்டும். பகலில் மேலே நனைந்த பனி, தெளிந்த இரவில் மறுபடி உறைந்து ஓடாக இறுகும். காற்று 0-வுக்கு மேலே இருந்தாலும் வானம் திறந்திருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும், அத்தனை வெப்பத்தை அது வெளியே விடுகிறது. மேகம் மூடிய இரவில் அப்படி நடக்காது. மேகம் வெப்பத்தைத் திருப்பியனுப்பும். ஆகவே சூடான நாள் ஒன்றை மதிப்பிடுபவர் முதலில் கேட்கும் கேள்வி, நேற்று மதியம் எவ்வளவு வெயில் என்பதல்ல. நேற்று இரவு உறைந்ததா என்பதுதான். நம் சரிவில் இரண்டு இரவாக மேகம். சரியாக உறையவில்லை.

நனைந்த மேற்பனியிலிருந்து தண்ணீர் கீழே இறங்குகிறது. நேராக, சீராக இறங்குவதில்லை. எங்கோ வழி கண்டுபிடித்து விரல் விரலாக ஊடுருவும். ஜனவரியில் ஒருநாள் வெயிலில் உருகி உறைந்த மெல்லிய பனிக்கட்டித் தகடு குறுக்கே வந்தால் அதன்மேல் தேங்கிப் பக்கவாட்டில் பரவும். அதைத் தாண்டி அடியை நெருங்கும்போது, நம் அடுக்கின் வாசலில் மறுபடி நிற்கிறது. மேலே நுண்ணிய மணிகள், கீழே பெரிய மணிகள். நுண்ணிய மணிகளின் சிறு இடுக்குகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரிய இடுக்குகளுக்குள் விடாது. எல்லைக்கோட்டில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் தாங்காமல் உள்ளே வழிகிறது. பிப்ரவரி முழுக்க அரும்பாடுபட்டு உருவான அந்த மெல்லிய கழுத்துகள் முதலில் கரைகின்றன. டிசம்பரில் இருந்த நிலைக்கே, இன்னும் மோசமாக, நனைந்துகொண்டு திரும்புகிறது நம் அடுக்கு. மேலே அதே 500 கிலோ.

வெளியே நின்று பார்ப்பவருக்கு என்ன தெரியும்? காலை ஏழு மணிக்குப் பூட்ஸ் பட்டால் மேலோடு மெலிதாக நொறுங்குகிறது. ஆளைத் தாங்குகிறது, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேலோடு பளபளக்கிறது. வெயில் பட்ட பாறைகளைச் சுற்றிப் பனி விலகிக் கருமை தெரிகிறது. பத்தரைக்குப் பாறையடியிலிருந்து சிறு பனி உருண்டைகள் தாமாகக் கிளம்பிச் சரிவில் உருண்டு, உருளும்போதே பெரிதாகிக்கொண்டு போகின்றன. பின்னால் கோடு விழுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது வேடிக்கை, கைபேசியில் எடுப்பார்கள். தெரிந்தவர்கள் அதைக் கண்டதும் வந்த வழியே திரும்புவார்கள். பதினொன்றரைக்குக் கால் முழங்கால் வரை புதைகிறது. எங்கோ காலடியில் 'ழும்' என்று அடங்கிய ஓசை, பூட்ஸிலிருந்து விரிசல் ஓடுகிறது. பக்கத்துச் சரிவில் ஏற்கெனவே ஒன்று இறங்கியிருக்கிறது. கிழக்குச் சரிவுக்கு முற்பகல், தெற்குக்கு நண்பகல், மேற்குக்குப் பிற்பகல் என்று ஆபத்தும் சூரியனோடு மலையைச் சுற்றி வருகிறது. விடிவதற்கு முன் கிளம்பி, மேலோடு கெட்டியாக இருக்கும்போதே ஏறி, வெயில் முற்றுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற மலையேறிகளின் நியதி இதிலிருந்து வந்தது.

பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னால் சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. யாரும் மேலே நிற்கவில்லை, எதுவும் விழவில்லை. இரண்டு மீட்டர் பாளம் முழுவதும் நகர்கிறது. நம் அடுக்கு அதன் அடியில் தேய்ந்துகொண்டே போகிறது. உலர்ந்த பனிச்சரிவு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தையும் தொடும், மேலே தூள் எழும்பும். ஈரப்பனி அத்தனை வேகம் இல்லை. கனம் அதிகம்: ஒரு கன மீட்டர் 400, 500 கிலோ. கல்லையும் மண்ணையும் மரத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு ஓடையின் அடிவரை வருகிறது. நின்ற நொடியில் இறுகிப்போகிறது. உள்ளே அகப்பட்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவரை மீட்பதே அரிது. ஆம்புலன்சும் ஹெலிகாப்டரும் இந்தக் கணக்குக்குள் வர முடியாது. கூட இருக்கும் ஆட்களே காப்பாற்ற வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ அலை அனுப்பும் சிறு கருவி ஒவ்வொருவர் உடம்பிலும், குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, மண்வெட்டி: இந்த மூன்றும் இல்லாமல் பனிச்சரிவுப் பகுதிக்குள் யாரையும் அழைத்துப் போவதை நான் குற்றம் என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் இன்று ஆர்வத்தோடு மணாலிக்கும் உத்தரகாண்டுக்கும் குல்மார்குக்கும் போகிறார்கள். போகட்டும். அழைத்துப் போகிறவரிடம் இரவு உறைந்ததா, இன்றைய எச்சரிக்கை நிலை என்ன, எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். எச்சரிக்கை நிலை 1993-இல் ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்டது போல ஐந்து படி கொண்டது. இரண்டாம் மூன்றாம் நிலை என்று கேட்டவுடன் பாதிதானே என்று தேறிக்கொள்ளக் கூடாது. மூன்றாம் நிலையிலேயே பலர் இறக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் காங்டோக்கிலிருந்து நாதுலா போகும் சாலை. நண்பகல் தாண்டிய நேரத்தில் பனிச்சரிவு. ஏழு பேர் இறந்தார்கள். 13-ஆவது மைல் வரை மட்டுமே அனுமதி இருந்தது, அதைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்று காவல்துறை சொன்னது. பனியில் விளையாட வந்தவர்கள். ஏப்ரல், நண்பகல், சாலையோரச் சரிவு என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்க யாரும் அவர்களுக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள் என்பதே எனக்கு ஆற்றாமை.

வெயில் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2025 பிப்ரவரி 28 அதிகாலை, பத்ரிநாத்துக்கு அப்பால் மாணாவில், எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மேல் இறங்கியது புயல் கொண்டுவந்த பனி. 54 தொழிலாளர்களில் 46 பேர் மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். நம் மண்ணுக்கு மிக நெருக்கமாக வந்த துயரம் 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் நேர்ந்தது. 19,600 அடி உயரத்தில் சோனம் நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பத்தை ஆறாம் நாள் சுமார் 25 அடிக்குக் கீழிருந்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11-இல் டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். இறந்தவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து போனவர்கள். சிப்பாய் ராமமூர்த்தி கிருஷ்ணகிரிக்காரர். 2004 வரை கிருஷ்ணகிரி எங்கள் தருமபுரி மாவட்டத்தின் பகுதிதான். அவர் பிறந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். அந்தச் சரிவு கடுங்குளிரில் நடந்தது, மார்ச் மாத ஈரப்பனி அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் ஊர்களிலிருந்து போனவர்கள் பனியின் பாஷையைப் புதிதாகக் கற்று, அதன்மேல் தூங்கி எழுந்து, காவல் நின்றார்கள் என்பதுதான் நம் மண்ணையும் அந்தப் பனியையும் இணைக்கிறது.

நம் அடுக்கின் ஆயுள் ஓடையடியில் முடியவில்லை. சரிந்து குவிந்த பனி அழுக்கேறி, முறிந்த கிளைகள் துருத்திக்கொண்டு மே மாதம் வரை கிடக்கிறது. தடித்த குவியல் என்பதால் சுற்றியுள்ள பனி மறைந்தபின்னும் இது மறைவதில்லை. அடியில் ஓடை குடைந்துகொண்டு போகும், மேலே ஆடு மேய்ப்பவர்கள் நடந்து போவார்கள். ஜூனில் கடைசித் துண்டும் தண்ணீராகி பியாஸில் சேர்கிறது. மணாலி, குல்லு, பிறகு மண்டிக்கு மேலே பண்டோ அணை. 1977-இல் முடிந்த, 76 மீட்டர் உயர அணை. அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது.

ஒரு பங்கு 13 கிலோமீட்டர் சுரங்கத்திலும், ஒரு கால்வாயிலும், மறுபடி 12 கிலோமீட்டர் சுரங்கத்திலுமாக மலையைத் துளைத்துப் போய் தேஹர் மின்நிலையத்தில் விழுகிறது. 990 மெகாவாட் நிலையம். அங்கிருந்து சட்லஜில் கலந்து பக்ரா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியே தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து தேஹரின் சுழலிகளும் இண்டூர் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களும் ஒரே 50 ஹெர்ட்ஸ் தாளத்துக்குக் கட்டுப்பட்டவை.

மறு பங்கு பியாஸ் வழியே பாங் அணையில் தேங்கி, பஞ்சாபில் ஹரிகே தடுப்பணையில் சட்லஜோடு கூடி, அங்கிருந்து இந்திரா காந்தி கால்வாயில் இறங்குகிறது. 1958-இல் வெட்டத் தொடங்கிய அந்தக் கால்வாய் 600 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு தார் பாலைவனத்துக்குள் ஜைசல்மேர் வரை போகிறது. மத்தியதரைக் கடலிலிருந்து கிளம்பிய ஈரம், ஒரு குளிர்காலம் மலையில் கிடந்து, சரிந்து, உருகி, மணலுக்கு வந்து சேர்கிறது. நவம்பரில் அங்கே கடுகும் கொண்டைக்கடலையும் சீரகமும் விதைப்பார்கள். சீரகம் அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். நம் பக்கம் சீரகம் விளைவதில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்ததுதான் உஞ்சா சந்தையைக் கடந்து தெற்கே வருகிறது. இண்டூர் மளிகைக்கடைகளுக்குப் புதுச் சரக்கு வந்து சேரும்போது இங்கே கோடை முற்றியிருக்கும்.